நாற்காலிக்கு மட்டும் கையுறை

கான்ஸ்டன்ஸை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தில் குற்றம் ஒரே வரியில் இருந்தது: வேலை நேரத்தில் அனுமதியின்றி உட்கார்ந்தது.

உட்கார்ந்தது உண்மைதான். அவள் அதை மறுக்கவில்லை. மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் பிரஸ்டன் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாக முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு செம்பனை வரிசைகளில் களைமருந்து அடித்தவள். கையுறை வேண்டும் என்று கேட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. கையுறை வரவில்லை, நகங்கள்தான் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. அன்று பதினோரு மணி வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வர, பம்பை இறக்கி வைத்துவிட்டு ஒரு மரத்தடியில் சாய்ந்தாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். தண்ணீர் தரப்போகிறான் என்று நினைத்தாள். அவன் கைப்பேசியை எடுத்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கக்கா, மூஞ்சி தெரியல" என்று படம் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். வீட்டில் கணவன் ஜூலியஸ் இருந்தான். செம்பனைப் பழக்குலை தோளில் விழுந்ததிலிருந்து அவனால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க முடியாது. அவனையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. வேலை நீக்கம் நியாயமில்லை என்றால் அறுபது நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் பதியலாம். அறுபத்தோராவது நாள் போனால் முகம் கொடுத்துக்கூடப் பேசமாட்டார்கள். கான்ஸ்டன்ஸ் சங்கத்தில் பழைய உறுப்பினர். சங்கம் இருக்கும்போது நாம் ஏன் தனியாக அலைய வேண்டும் என்று நினைத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சங்கம் என்பது தொழிலாளிக்காக இருக்கிறது என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

எட்டாவது நாள் கோலசிலாங்கூர் பட்டணத்துக்குப் போய், வட சிலாங்கூர் தோட்டத் தொழிலாளர் ஐக்கியத்தின் மூன்று மாடித் தலைமைப் பணிமனையில் ஏறினாள்.

இந்த ஐக்கியத்தைத் தொடங்கியவர் சவரியப்பன். தோட்டத்துக்குத் தோட்டம் சைக்கிளில் போனவர். அடி வாங்கினார், சிறைக்கும் போனார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தொழிலாளியை நம்பர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று எட்டு மாதம் சண்டை போட்டு ஜெயித்தவர். கடை மாடியில் ஒரு சின்ன அறைதான் அவருடைய பணிமனை. அங்கே மூன்றே விதிகள்: வந்தவரை முதலில் உட்கார வை. பிறகு கேள். கேட்டதை அன்றைக்கே எழுது.

அந்த மூன்று விதிகளையும் இப்போது கருங்கல்லில் செதுக்கித் தங்க வண்ணம் பூசி வரவேற்பறையில் நிறுத்தியிருந்தார்கள். கல் பெரிது. அதற்கு இடம் வேண்டும் என்று, வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சுகளைத் தூக்கிவிட்டார்கள். எனவே விதிகளை நின்றுகொண்டுதான் படிக்க வேண்டும். கான்ஸ்டன்ஸ் நின்று படித்தாள்.

அங்கே ஒரு இயந்திரம் அவளுக்கு நம்பர் கொடுத்தது. ஒன்றாம் நம்பர். கூடத்தில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் ஒன்றாம் நம்பரைக் கூப்பிட நாற்பது நிமிடம் ஆனது.

"புகார்ப் பிரிவுல இருந்த ஆறு பேரையும் நூற்றாண்டு விழாக் கமிட்டிக்கு மாத்திட்டாங்கக்கா," என்றாள் முகப்பில் இருந்த தனுஜா. "சவரியப்பன் ஐயாவுக்கு நூறு வயசாவுதுல்ல. விழா முடிஞ்சதும்தான் புகார் எல்லாம். ஆனா பாரம் இருக்கு, நிரப்பிட்டுப் போங்க."

பாரத்தில் முதல் கேள்வி: சவரியப்பனின் எந்தக் கொள்கை உங்களை மிகவும் கவர்ந்தது? ஐம்பது சொற்களுக்குக் குறையாமல் எழுதுக. இரண்டாவது கேள்வி, விழாவுக்குத் தோட்டத்திலிருந்து எத்தனை பேரை அழைத்து வருவீர்கள் என்பது. புகார் என்ன என்ற கேள்வி பின்பக்கம் கடைசியில், அரை வரி இடத்தில் இருந்தது.

அந்த அரை வரியில் 'உட்கார்ந்தேன்' என்று அவள் எழுதிக்கொண்டிருந்தபோது செயலாளர் மார்கஸ் அந்தப் பக்கமாக வந்தார். சவரியப்பனின் முகம் அச்சடித்த சட்டை போட்டிருந்தார். தலைவரின் மூக்கு சரியாக மார்கஸின் தொப்பை மேல் விழுந்திருந்தது.

"எந்தத் தோட்டம்க்கா?"

"பிரஸ்டன், தம்பி."

மார்கஸ் நின்றார். "பிரஸ்டனா? அந்த நாற்காலி இன்னும் அங்கதான இருக்கு?"

அந்த நாற்காலியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐம்பது வருடத்துக்கு முன் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பெரட்டுக் களத்தில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் எடுக்கும் இடம் அது. கேள்விப்பட்டு வந்த சவரியப்பன் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஆபீசுக்குள் போனார், ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து களத்தின் நடுவே போட்டார், "உக்காரும்மா" என்றார். அவள் உட்கார்ந்தாள். பின்னால் நின்ற இருநூறு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்த வேலைநிறுத்தம் பதினேழு நாள் நடந்தது. கர்ப்பிணி கான்ஸ்டன்ஸின் அம்மா. வயிற்றில் இருந்தது கான்ஸ்டன்ஸ். ஆக, அந்த நாற்காலியில் பிறப்பதற்கு முன்பே உட்கார்ந்தவள் அவள்.

"எங்க வீட்டுலதான் இருக்கு," என்றாள். "அதுல உக்காந்துதான் காய் நறுக்குறேன்."

மார்கஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவளுடைய வேலை நீக்கக் கடிதத்தை வாங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "இது பத்திரமா என்கிட்ட இருக்கட்டும். நாங்களே பார்த்துக்கறோம். நீங்க நேரா இலாகாவுக்குப் போயிடாதீங்க, ஒழுங்கு நடவடிக்கை வந்துடும்."

அவளிடம் கடிதத்துக்கு நகல் கிடையாது. அது அவளுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

பதினான்காவது நாள் பதினொரு பேர் கமிட்டி லயத்துக்கு வந்து இறங்கியது. ஒரு குளிர்சாதன வேன் வந்தது, படம் எடுக்க ஆள் வந்தது, கிளாரிஸ்ஸா என்ற மர நிபுணரும் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். சமையலறைக்குள் நுழைவதற்கு முன் பதினொரு பேரும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார்கள்.

கான்ஸ்டன்ஸ் அந்தக் கைகளையே பார்த்தாள். இருபத்திரண்டு கையுறைகள். "தம்பி, இது எங்க வாங்குனீங்க?"

"வெறுங்கையால தொட்டா மரம் பாழாயிடும்க்கா," என்றார் மார்கஸ். "வேர்வை, உப்பு, கண்ட கண்ட மருந்து, எல்லாம் கையில இருக்கும்ல."

நாற்காலியை நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அதை ஒரு கையால் இழுத்துப் போட்டுத்தான் அவள் தினமும் கீரை ஆய்வாள். வேனுக்குள் ஏற்றுவதற்கு முன் அந்த இடத்திலேயே பாரம் நிரப்பினார்கள். மூன்று நகல். நாற்காலியின் பெயர், வயது, பிறந்த இடம், இதுவரை செய்த வேலை, ஏற்பட்ட காயங்கள், காயத்துக்கு யார் காரணம், இப்போதைய வலிவு என்று கிளாரிஸ்ஸா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மார்கஸ் ஓடி ஓடி எழுதினார்.

"பின்னங்கால் ஒண்ணு வீக்கா இருக்கு சார். இதுக்கு மேல வெயிட் தாங்காது. ரெஸ்ட் குடுக்கணும்லா."

கட்டிலில் சாய்ந்திருந்த ஜூலியஸ், "இதே பாரத்துல இவ பேரையும் எழுதிக்க முடியாதா?" என்று கேட்டான்.

"அண்ணே, இது நாற்காலிக்கான பாரம்," என்றார் மார்கஸ் பொறுமையாக.

முப்பதாவது நாள் அவள் மறுபடியும் பணிமனைக்குப் போனாள். நாற்காலிக்கு இரண்டாம் மாடியில் தனி அறை கொடுத்திருந்தார்கள். இருபத்து நாலு மணி நேரமும் குளிர்சாதனம். பார்வை நேரம் பத்திலிருந்து பன்னிரண்டு. கதவில் அதன் மருத்துவ அறிக்கை தொங்கியது. அந்த மாதம் கட்டடத்தில் கரையானுக்கு மருந்தடிப்பதை நிறுத்திவிட்டார்கள். மருந்து வாடை மரத்துக்கு ஆகாது என்று கிளாரிஸ்ஸா எழுதிக்கொடுத்திருந்தாளாம். அதோடு அதற்கு உறுப்பினர் எண்ணும் வழங்கியிருந்தார்கள். கௌரவ ஆயுள் உறுப்பினர், எண் ஒன்று. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே கான்ஸ்டன்ஸ் நின்றாள். 'அமர வேண்டாம்' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது.

'டத்தோ' பட்டம் வாங்கிய ஐக்கியத் தலைவர் டத்தோ சுகுமாரன் அவளை அங்கேதான் சந்தித்தார். நல்ல மனிதர், கண் கலங்கக்கூடியவர். சவரியப்பன் பெயரைச் சொன்னாலே கைக்குட்டை வெளியே வந்துவிடும்.

"தொழிலாளி நிக்கிறதப் பார்த்தா எனக்கு நெஞ்சு பொறுக்காதும்மா," என்றார், அவளை நிற்க வைத்துக்கொண்டே. "அதனாலதான் பதினஞ்சு வருஷமா நான் தோட்டத்துப் பக்கமே போறதில்ல."

"என் புகாரு என்னாச்சுங்க டத்தோ?"

"அதுக்குத்தான் வர்றேன். சவரியப்பன் பிறந்த நாளன்னைக்கு, மேடையில, நீங்க அந்தக் கடிதத்த என் கையில கொடுக்குறீங்க. நான் வாங்குறேன். எத்தனை காமிரா இருக்கும் தெரியுமா? அதுக்குள்ள நீங்க அவசரப்பட்டு எங்கயாச்சும் போய்க் கொடுத்துட்டா, மேடையில நான் எத வாங்குறது?"

கான்ஸ்டன்ஸ் விரல் விட்டு எண்ணினாள். "அன்னைக்குத்தாங்க அறுபதாவது நாளு. வெள்ளிக்கிழம."

"பார்த்தீங்களா!" டத்தோவின் கைக்குட்டை வெளியே வந்தது. "என்ன பொருத்தம்!"

அவள் இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்வாள்? வேலை போனதிலிருந்து புக்கிட் ரோத்தானில் மதார் சாகிபுவின் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அவரிடம்தான் சொன்னாள். மதார் சாகிபு ரொட்டி மாவை அடித்துக்கொண்டே கேட்டார். கேட்கக் கேட்க மாவுக்கு விழுந்த அடி பலமாகிக்கொண்டே போனது.

"தங்கச்சி, வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்கு ஷா ஆலம் இலாகா ஆபீஸ் கதவ சாத்திடுவான். ஒங்க டத்தோ அழுது முடிக்கவே ஆறாயிடும். இப்பவே போய்க் குடுத்துருங்க."

"கடுதாசி அவுங்ககிட்ட இருக்கு பாய். கேட்டா, கண்ணாடி போட்டு வச்சிருக்கோம், விழாவுல தர்றோம்ங்கிறாங்க. கடுதாசி இல்லாம எத காட்டிப் புகார் குடுக்குறது?"

அவர் மகள் சனா இணையத்திலிருந்து இலாகாவின் பாரத்தை எடுத்து, கான்ஸ்டன்ஸ் சொல்லச் சொல்ல மலாயில் நிரப்பிக் கொடுத்தாள். பதினைந்து நிமிட வேலை. சவரியப்பனின் எந்தக் கொள்கை பிடிக்கும் என்று அந்தப் பாரம் கேட்கவே இல்லை. இனி அதோடு இணைக்க வேண்டியது கடிதம் ஒன்றுதான்.

நாற்பத்தைந்தாவது நாள் ஐக்கியத்தில் இடி விழுந்தது. நாற்காலியின் அடியில் பழைய வண்ணத்தைச் சுரண்டிய கிளாரிஸ்ஸா ஒரு பித்தளைத் தகடைக் கண்டுபிடித்தாள். அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: பிரஸ்டன் தோட்டத்தின் உடைமை. மானேஜர் அறை. வெளியே எடுத்துச் செல்லக்கூடாது.

சவரியப்பன் மானேஜரின் நாற்காலியைத்தான் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார். மூளையுள்ள யாருக்கும் இதைக் கேட்டால் சிரிப்பு வரும், நெஞ்சு நிமிரும். அவசரக் கூட்டம் போட்டவர்களுக்கு வேர்த்துக் கொட்டியது. விழாவுக்கு முதல் ஆதரவாளர் பிரஸ்டன் தோட்டக் கம்பெனி. பந்தல், பேனர், டத்தோவின் சால்வை எல்லாம் அவர்கள் உபயம். கான்ஸ்டன்ஸைச் சாட்சியாகக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டார்கள்.

"உங்கம்மா உக்காந்தப்ப மானேஜர்கிட்ட அனுமதி வாங்குனாங்களா?"

"தெரியலைங்க. நான் வயித்துல இருந்தேன்."

"எழுத்து மூலமா எதுவும் இல்லையா?"

"இல்லைங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தலைவரின் நூற்றாண்டு விழாவிலேயே நாற்காலியை உரிய மரியாதையோடு கம்பெனியிடம் திருப்பி ஒப்படைப்பது. ஐம்பது வருட காலதாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பது. மானேஜர் அதில் அமர்ந்து அருள்வது. அவர் அமரும்போது அனைவரும் எழுந்து நிற்பது. சவரியப்பனின் படத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு மாலை போட்டார்கள்.

ஐம்பத்தேழாவது நாள் ஒத்திகை. கான்ஸ்டன்ஸை 'அசல் தொழிலாளி' என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்தார்கள். ரப்பர் மரம் வெட்டுகிறவள் போல நெற்றியில் விளக்கு கட்டி, கையில் பால் வாளி கொடுத்தார்கள்.

"நான் பால் மரமே வெட்டுனதில்ல தம்பி. மருந்தடிக்கிறவ."

"பம்புல சோகம் பத்தாதுக்கா," என்றார் மார்கஸ்.

பிறகு அவர் நாற்காலி மரியாதை முறையை விளக்கினார். இதற்கென்று தனித் துணைக்குழு ஐந்து முறை கூடியிருந்தது. நாற்காலியைச் சக்கரம் வைத்த மேடையில் ஏற்றியிருப்பார்கள். சக்கரம் நகர்ந்த அந்த நொடியில் வாத்தியக் குழு தொடங்கும். எல்லோரும் எழுந்து கைகூப்பி நிற்க வேண்டும். நாற்காலி மறுபடியும் நிற்கும்வரை யாரும் அசையக்கூடாது. நாற்காலி நின்றது கண்ணால் தெரிந்த பிறகுதான் வாத்தியம் நிற்கும். ஒத்திகையில் மூக்கைச் சொறிந்த பொருளாளருக்கு அங்கேயே விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் மட்டும் உடனே வந்தது.

அறுபதாவது நாள் வெள்ளிக்கிழமை. காலையில் நடக்க வேண்டிய விழா, மானேஜருக்குக் கோல்ஃப் இருந்ததால் மத்தியானம் இரண்டரைக்குத் தள்ளிப்போனது. தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த முந்நூறு பேரை மண்டபத்தின் பின்பக்கம் நிற்க வைத்திருந்தார்கள். அடையாளம் தெரிய வேண்டுமே, ஆளுக்கொரு நம்பர் அட்டை கழுத்தில் தொங்கியது. நாற்காலிகள் முன்னால் பிரமுகர்களுக்கு. மதார் சாகிபு தொழுகை முடித்து வந்து, மேடையின் பக்கச் சரிவுக்குக் கீழே வேனை நிறுத்தித் தேநீர் விருந்துக்கான மீ கோரேங் நூடுல்ஸ் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் போகும் முன் மார்கஸ் கான்ஸ்டன்ஸின் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தாள். வெள்ளைக் கையுறை.

"நாற்காலிய நீங்கதான் தொடச்சு விடணும்க்கா. மானேஜர் உக்கார்றதுக்கு."

அவள் மாட்டிக்கொண்டாள். அளவாக இருந்தது. நகமில்லாத விரல் நுனிகளில் பஞ்சு போலப் பட்டது. இரண்டு வருடமாகக் கேட்டது இதைத்தான். அவளுக்கு அழுகை வரவில்லை.

பேச்சுகள் தொடங்கின. டத்தோ நாற்பது நிமிடம் பேசினார். "சவரியப்பன் ஒரு மாமனிதர். மாமனிதர்களும் அவசரப்படுவதுண்டு. ஒரு நாற்காலி வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுதியிருக்கலாம். இன்றைய ஐக்கியம் விண்ணப்பம் எழுதுகிறது. போன வருடம் நாம் கம்பெனிக்கு எழுதிய நூற்றுப் பன்னிரண்டு கடிதங்களில் ஒன்றுக்குக்கூட அவர்கள் கோபமாகப் பதில் எழுதியதில்லை. பதிலே எழுதியதில்லை. இதுதான் தொழில் அமைதி!" பிரமுகர்கள் கைதட்டினார்கள்.

மானேஜர் சுருக்கமாகப் பேசினார். "நாங்க தொழிலாளர்கள எப்பவும் மதிக்கிறவங்க. அவங்களுக்கு உட்காரணும்னு ஆசை இருந்தா, அதுக்கு ஓய்வு பெற்ற காலம் இருக்கு." அதற்கும் கைதட்டினார்கள்.

மணி மூன்று இருபது. கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்த கடிதம் வெள்ளித் தட்டில் வந்தது. கான்ஸ்டன்ஸ் அதை எடுத்துக்கொண்டு டத்தோவின் பக்கம் போனாள். காமிராக்கள் திரும்பின. ஒலிவாங்கிக்கு எட்டாத குரலில் கேட்டாள்.

"இன்னைக்கே இலாகாவுக்கு அனுப்பிடுவீங்கள்ல டத்தோ? அஞ்சு மணிக்குள்ள போவணும்."

"அனுப்புறதா?" டத்தோ சிரித்த முகம் மாறாமல் காமிராவைப் பார்த்தபடியே சொன்னார். "இது நினைவகத்துக்கும்மா. கண்ணாடிப் பேழையில வைக்கிறோம். உங்க பேரும் போட்டு. இந்த மாதிரிப் பெருமை யாருக்குக் கிடைக்கும்? கொடுங்க, கொடுங்க."

கான்ஸ்டன்ஸ் கடிதத்தைக் கொடுக்கவில்லை. நாலாக மடித்து ரவிக்கைக்குள், சனா நிரப்பித் தந்த பாரத்தோடு சேர்த்து வைத்தாள். நெற்றி விளக்கைக் கழற்றி வாளிக்குள் போட்டாள். பிறகு நடந்து போய், தான் துடைத்து வைத்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பின்னங்கால் ஒரு தரம் முனகியது, அவ்வளவுதான். அவள் எடையை அது ரொம்ப நாளாக அறியும்.

"இங்கதான் சவரியப்பன் எங்கம்மாவ உக்கார வச்சாரு," என்றாள் சத்தமாக. "நான் உக்காந்துட்டேன். இப்ப கேளுங்க. கேட்டு எழுதுங்க."

மானேஜர் டத்தோவைப் பார்த்தார். டத்தோ மார்கஸைப் பார்த்தார்.

"அக்கா, எழுந்திரிங்க! அது மரம்க்கா! வெயிட் தாங்காது!" என்று கத்திக்கொண்டு மார்கஸ் ஓடிவந்து, அவளைத் தொட முடியாமல், அவளுக்குக் கீழே இருந்த சக்கர மேடையைப் பிடித்து இழுத்தார். அது அரை அடி நகர்ந்து, நிற்காமல் மெல்ல உருண்டுகொண்டே இருந்தது.

வாத்தியம் முழங்கியது. ஐந்து முறை கூடிய துணைக்குழுவின் உழைப்பு வீண் போகவில்லை. பிரமுகர்கள் அத்தனை பேரும் எழுந்து கைகூப்பி நின்றார்கள். டத்தோ கைகூப்பினார். மானேஜரையும் பக்கத்தில் இருந்தவர் எழுப்பி நிறுத்தினார். விதியை எழுதியவரே மார்கஸ். அவர் கை தானாகக் குவிந்துவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. அதற்கு விதியில் இடமில்லை.

மதார் சாகிபு ஐக்கியத்தின் உறுப்பினர் இல்லை. அவருக்கு எந்த விதியும் பொருந்தாது. கையிலிருந்த கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டு மேடையேறி வந்தார்.

"எந்திரிக்காதீங்க தங்கச்சி. நாற்காலி நின்னாத்தான் இவங்க கை எறங்கும்."

சக்கர மேடையை அவர் சரிவில் தள்ளிக்கொண்டு இறங்கினார். முந்நூறு நம்பர் அட்டைக்காரர்களும் அதைப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ ஒரு மருந்தடிக்கிற பெண் கழுத்து அட்டையைக் கழற்றித் தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளும் உட்கார்ந்தாள். அப்புறம் அங்கே நின்றவர்கள் யாரும் இல்லை. மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தது தலைவர்கள் மட்டும்தான்.

மதார் சாகிபு நாற்காலியையும் அவளையும் வேனில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். நாற்காலி நின்றதா இல்லையா என்பது வாத்தியக் குழுவின் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாமல் எப்படி நிறுத்துவார்கள்? நாற்பத்தைந்து நிமிடம் வாசித்தார்கள். நாற்பத்தைந்து நிமிடமும் டத்தோ கைகூப்பி நின்றார். அவர் தலைமையேற்ற பதினைந்து வருடத்தில் தொழிலாளிக்காக அவ்வளவு நேரம் நின்றது அன்றுதான்.

ஷா ஆலம் வரைக்கும் கான்ஸ்டன்ஸ் வேனின் பின்பக்கத்தில் மீ கோரேங் அண்டாக்களுக்கு நடுவே, நாற்காலியை ஜன்னல் கம்பியோடு பிடித்துக்கொண்டு அதில்தான் உட்கார்ந்து போனாள். வழியில் ஈஜோக்கில் லோரி ஒன்று குறுக்கே நின்றபோது மதார் சாகிபு சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நாலு இருபத்தைந்துக்கு இலாகாவின் முகப்பில் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. கையுறையைக் கழற்ற மறந்திருந்தாள்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். சவரியப்பன் என்ற பெயரையே அவள் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். அவள் கான்ஸ்டன்ஸின் முகத்தைப் பார்த்தாள், எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள். "டூடோக் டூலு, காக்," என்றாள். முதலில் உட்காருங்கள், அக்கா. அதன் பிறகு என்ன நடந்தது என்று கேட்டாள். கேட்டதைக் கணினியில் எழுதினாள். அன்றைய தேதி போட்டு, முத்திரை குத்தி, ஒரு நகலைக் கையில் கொடுத்தாள். கான்ஸ்டன்ஸ் அங்கேதான் அழுதாள்.

ஐக்கியமும் சும்மா இருக்கவில்லை. வாத்தியம் நின்ற பதினைந்தாவது நிமிடம் செயலாளர் மார்கஸ் போலீஸ் நிலையத்தில் இருந்தார். புகார்ப் பிரிவு ஆட்கள் ஆறு பேரும் கூடவே போனார்கள். நம்பர் எடுக்கவில்லை, காத்திருக்கவில்லை, கொள்கை பற்றி ஐம்பது சொல் எழுதவில்லை. ஒரு புகாரை நடந்த அன்றைக்கே எழுதுவது என்ற சவரியப்பனின் விதியை ஐக்கியம் பல வருடத்துக்குப் பிறகு அன்றுதான் கடைப்பிடித்தது. புகாரின் நகலைக் கருங்கல்லுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் போய் நின்று படிக்கலாம்.

காணாமல் போன பொருள்: மர நாற்காலி ஒன்று.

உரிமையாளர்: பிரஸ்டன் தோட்டக் கம்பெனி.

கடைசியாகக் காணப்பட்ட நிலை: தொழிலாளி ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார்.